கைத்தாங்கல் விலகும் நேரம்

முறிந்த இடுப்பெலும்பு கூடிவிடுவதும், அந்த எலும்புக்கு உரியவர் தம் வீட்டுக் கிணற்றடிக்குத் தாமே நடந்து சென்று குளித்துவிட்டுத் திரும்புவதும் ஒன்றல்ல. முதலாவதை மருத்துவமனை செய்து முடிக்கிறது. இரண்டாவது எங்கே, யாருடைய பொறுப்பில், எத்தனை நாள்களுக்குள் நடந்தேற வேண்டும் என்ற கேள்விக்கு மிகப் பல நாடுகளில் நெடுங்காலம் விடையே இருக்கவில்லை. எலும்பு முறிவிலிருந்தோ பக்கவாதத்திலிருந்தோ நீண்ட நாள் காய்ச்சலிலிருந்தோ பிழைத்து வீடு திரும்பும் முதியவர், நோய் நீங்கிய பிறகும் கட்டிலோடு தங்கிவிடுவது வயதின் இயல்பு என்றே குடும்பமும் மருத்துவமும் ஏற்றுக்கொண்டிருந்தன. கடந்த கால் நூற்றாண்டில் சில நாடுகளின் உள்ளாட்சி அமைப்புகள் இந்த ஏற்பைக் கேள்விக்கு உட்படுத்தி, வீடு திரும்பியவரைத் தேடிச் சென்று, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும், அவர் இழந்த அன்றாடச் செயல்களை அவரே மீண்டும் செய்யும்படி பழக்குகிற ஒரு சேவையை ஏற்படுத்தின. அச்சேவை இக்கட்டுரையில் 'மீள்திறன் பராமரிப்பு' எனக் குறிக்கப்படுகிறது.

வழக்கமான வீட்டுப் பராமரிப்பில் பராமரிப்பாளர் குளிப்பாட்டுகிறார், உடுத்திவிடுகிறார், சோறூட்டுகிறார். இந்த உதவிக்கு முடிவுத் தேதி கிடையாது, பெறுபவரின் உடல்நிலை தேய்ந்துகொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பே அதன் அடிப்படை. மீள்திறன் பராமரிப்பில் வருபவர் குளியலறை வாசலில் நின்று, முதியவர் தாமே நீர் மொண்டு ஊற்றிக்கொள்வதைப் பார்க்கிறார். வழுக்கினால் பிடிக்க ஆயத்தமாக இருக்கிறாரே தவிர, செம்பைத் தம் கையில் வாங்குவதில்லை. முதல் வாரத்தில் முதுகு தேய்க்க உதவியவர் மூன்றாம் வாரத்தில் அதையும் விட்டுவிடுகிறார். ஆறாம் வாரத்தில் வருவதையே நிறுத்திவிடுகிறார். வருகை நின்றுபோவதே சேவையின் வெற்றி என்பதால், அதை அமைப்பதும் அதற்குப் பணம் தருவதும் மற்றச் சேவைகளைப் போல எளிதாக இருப்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பாலாற்றுக்குத் தெற்கே கடலோரமாக அமைந்த செய்யூர் வட்டம், உப்பளங்களும் உப்பங்கழியும் மீனவக் குப்பங்களும் நெல்வயல்களும் சவுக்குத் தோப்புகளும் அடுத்தடுத்து வரும் பகுதி. இத்தகைய ஊர்களில் மீள்திறன் பராமரிப்பு என்னவாக இருக்கக்கூடும், அதற்கான உறுப்புகளில் எவை ஏற்கெனவே உள்ளன என்பதை ஆராய்வதற்கு முன், இழந்த திறன் மீளும் என்ற நம்பிக்கைக்கு உடலியலில் என்ன ஆதாரம் உண்டு என்பதைக் காண வேண்டும்.

படுக்கை பறிப்பதும் பயிற்சி மீட்பதும்

தசை, பயன்படுத்தும் அளவுக்கே உடலால் பேணப்படும் ஒரு திசு. 2007இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதுடைய, நோய் எதுவும் இல்லாத முதியவர்களின் சிறு குழு ஒன்று 10 நாள்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டது. அந்தக் குறுகிய காலத்திற்குள் அவர்களுடைய கால்களின் கொழுப்பில்லாத திசு ஏறத்தாழ 1 கிலோ குறைந்துவிட்டது. நலமாக இருந்தவர்களின் நிலையே இது என்றால், அறுவை சிகிச்சையின் வலியும் காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தவர்கள் இழப்பது அதைவிட மிகுதியாக இருக்கும் என்பதில் வியப்பில்லை. மூன்று வாரம் படுத்திருந்தவர் எழுந்து நிற்கையில் கால் நடுங்குவதை நோயின் எச்சம் என்று குடும்பம் எண்ணுகிறது. அந்த நடுக்கத்தின் பெரும்பகுதி படுக்கை தந்தது.

இழந்தது மீளும் என்பதற்கான புகழ்பெற்ற சான்று 1990இல் அதே இதழில் வெளியானது. பாஸ்டன் நகர முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, சராசரியாக 90 வயதான 10 பேர், எடை தூக்கும் பயிற்சியை 8 வாரங்கள் செய்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வு என்றாலும், தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வலுக்கும் என்பதை அது ஐயமறக் காட்டியது.

மூளைக்கும் இதே விதி பொருந்துகிறது. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழக்கும்போது, அந்தக் கையால் முயன்று தோற்கும் நோயாளி நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிடுகிறார். மூளையின் வீக்கம் தணிந்து கை ஓரளவு இயங்கக்கூடிய நிலைக்கு வந்த பின்னும் அதை அவர் பயன்படுத்துவதில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளின் வழியே இதற்குக் 'கற்றுக்கொண்ட பயன்பாடின்மை' என்ற கருத்தை முன்வைத்து, நல்ல கையைக் கட்டுப்படுத்திச் செயலிழந்த கையை வேலை வாங்கும் பயிற்சி முறையை உருவாக்கினார். பக்கவாதத்திற்குப் பின்னான மீட்சி முதல் சில மாதங்களில்தான் மிக விரைவாக நடைபெறுகிறது என்பதால், அந்த நாள்களில் எது பழகப்படுகிறது என்பது பிற்கால வாழ்க்கையையே தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது இழப்பு தசையிலோ நரம்பிலோ நேர்வதில்லை, மனத்தில் நேர்கிறது. 1982இல் ஜெர்ரி ஏவோர்னும் எலன் லேங்கரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 72 பேரிடம் படத்துண்டுகளைப் பொருத்தும் எளிய புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடனிருந்தவர் கைகொடுத்து உதவினார். இன்னொரு பிரிவினருக்கு ஊக்கச் சொற்கள் மட்டும் கிடைத்தன. மூன்றாம் பிரிவினர் தனியே விடப்பட்டனர். பிறகு சோதித்தபோது, ஊக்கம் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள். உதவி பெற்றவர்களோ தொடக்கத்தில் இருந்ததைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பிறர் செய்துதரும் ஒவ்வொரு வேலையும் 'உன்னால் இது ஆகாது' என்ற செய்தியைச் சொல்லாமல் சொல்கிறது என்பதும், அன்பால் செய்யப்படும் உதவியே இயலாமையை உண்டாக்கக்கூடும் என்பதும் இந்த ஆய்வின் முடிவு. மீள்திறன் பராமரிப்பின் கோட்பாடு முழுவதும் இந்த முடிவின் மீது நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

தரையிலிருந்து எழுதல்

இழப்பையும் மீட்சியையும் அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த நோயாளிகளைக் கவனித்துவந்த சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட அட்டவணை, குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து இடம் மாறுதல், மலம் சிறுநீரை அடக்குதல், உண்ணுதல் ஆகிய 6 செயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒருவர் தாமே செய்கிறாரா, பிறர் உதவியுடனா என்று மட்டும் கேட்கிறது. 1965இல் வெளியான பார்தெல் குறியீடு 10 செயல்களுக்கு மதிப்பெண் வழங்கி 100க்குக் கூட்டுகிறது. 1969இல் லாட்டனும் பிராடியும் கடைக்குச் செல்லுதல், சமைத்தல், மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற, வீட்டைத் தாமே நடத்துவதற்குரிய 8 செயல்களைச் சேர்த்தனர். மீள்திறன் பராமரிப்பு தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் இத்தகைய ஓர் அட்டவணை நிரப்பப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே சேவை ஈட்டித் தந்தது.

இந்த அட்டவணைகள் கட்டிலும் நாற்காலியும் உள்ள வீடுகளில் பிறந்தவை. பார்தெல் குறியீடு படி ஏறுவதைக் கேட்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவதைக் கேட்பதில்லை. பாயில் உறங்கி, தரையில் அமர்ந்து உண்டு, அரிவாள்மனைமுன் ஒரு கால் மடித்து உட்கார்ந்து மீனோ காய்கறியோ நறுக்கி, குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்தும் வீட்டில், தரையிலிருந்து எழ முடியாதவர் ஒரே நேரத்தில் நாலைந்து செயல்களை இழந்துவிடுகிறார். உட்காரும் இடம் தாழத் தாழ எழுவதற்குத் தொடைத்தசை செலுத்த வேண்டிய விசை கூடுகிறது. எனவே திண்ணையிலிருந்து ஊன்றுகோலின்றி எழக்கூடிய ஒருவரால் பாயிலிருந்து எழ முடியாமற் போவது முரண்பாடு அன்று, எளிய இயற்பியல்.

எழும் செயலைப் பயிற்சியாளர் படிப்படியாகப் பிரிக்கிறார். மல்லாந்து படுத்திருப்பவர் முதலில் ஒருக்களிக்கிறார். பிறகு முழங்கையை ஊன்றி உடலை உயர்த்துகிறார். கைகளையும் முழங்கால்களையும் தரையில் பதித்துத் தவழும் நிலைக்கு வருகிறார். அப்படியே திண்ணை விளிம்பையோ ஆடாத முக்காலியையோ நோக்கித் தவழ்ந்து சென்று கைகளை அதன் மேல் வைக்கிறார். வலுவான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் ஊன்றுகிறார். மார்பை முன்சாய்த்து, கையாலும் காலாலும் ஒருசேர அழுத்தி எழுந்து, திரும்பி அமர்கிறார். இந்த 6 படிகளில் எந்தப் படியில் தடை ஏற்படுகிறது என்று கண்டறிந்தால், அந்த ஒரு படியை மட்டும் நாளுக்குப் பலமுறை பழக்கினால் போதும். 'எழவே முடியவில்லை' என்று குடும்பம் சொல்வது, பயிற்சியாளரின் கண்ணில் 'மூன்றாம் படி வரை வருகிறது' என்றாகிறது.

எல்லாச் செயலும் முன்பிருந்த வடிவிலேயே மீள வேண்டும் என்பதும் இல்லை. இடுப்பில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர் குந்தி அமர்வதையும் சம்மணமிடுவதையும் அறுவை மருத்துவர்கள் பொதுவாகத் தடுக்கிறார்கள். அவருக்குக் குந்தும் பயிற்சி தருவது தவறு, குழிப் பீங்கானின் மேல் வைக்கும் கமோடு நாற்காலியும் சுவரில் பதித்த ஒரு கைப்பிடியும் தருவதே சரி. பக்கவாதம் வந்தவர் சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற சிறு நுணுக்கம், இன்னொருவர் கையை எதிர்பார்த்திருந்தவரைத் தாமே உடுத்துபவராக்கிவிடுகிறது. செயலையே பயிற்சியாக்கி, கருவியையும் வீட்டமைப்பையும் அதற்கேற்ப மாற்றும் இந்தத் துறைக்குச் செயல்முறை மருத்துவம் என்று பெயர். மூட்டு, தசை, நடை ஆகியவற்றைச் சீராக்கும் இயன்முறை மருத்துவம் அதன் உடன்பிறப்பு.

உள்ளாட்சி எதை விலைக்கு வாங்குகிறது

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முதியோரின் வீட்டுப் பராமரிப்பு நகராட்சிகளின் கடமை. டென்மார்க்கின் ஃபிரடெரிசியா நகராட்சி, ஸ்வீடனின் ஒஸ்டர்சுந்த் நகரில் நடந்துவந்த முறையைத் தழுவி, 2008இல் பராமரிப்பு கேட்டு வருபவர்களுக்கு முதலில் பயிற்சி அளிப்பது, அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும் நிலையான உதவி தருவது என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. அது நாடெங்கும் பரவி, 2015 சனவரி முதல் டென்மார்க்கின் எல்லா நகராட்சிகளுக்கும் சட்டக் கடமையாயிற்று. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் அதன் விதிகளும், இத்தகைய சேவையை 6 வாரங்கள் வரை கட்டணமின்றி வழங்கவும், 1,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு கருவிகளையும் வீட்டு மாற்றங்களையும் இலவசமாகச் செய்துதரவும் உள்ளாட்சி மன்றங்களைப் பணிக்கின்றன. ஆறு வாரம் என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. பயிற்சி பயன் தருவதற்குப் போதுமானதும், உதவியே வழக்கமாகிவிடாதபடி குறுகியதுமான காலம் என்று நிருவாகம் தேர்ந்துகொண்ட எல்லை.

உள்ளாட்சி மன்றம் இச்சேவையைத் தன் ஊழியரைக் கொண்டே நடத்தலாம், வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கவும் செய்யலாம். ஒப்படைக்கும் பணி டெண்டர் விட்டு ஆள் அமர்த்துவதோடு முடிவதில்லை: வட்டாரத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் மருத்துவமனையிலிருந்து செயலிழந்து திரும்புகிறார்கள் என்று கணக்கிடுவது, சேவையின் உள்ளடக்கத்தை வரையறுப்பது, விலை நிர்ணயிப்பது, முடிவில் என்ன விளைந்தது என்று அளப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. இவற்றுள் சேவையின் குணத்தையே மாற்றிவிடுவது மூன்றாவது. இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நெடுங்காலம் நிமிடக் கணக்கில் வாங்கப்பட்டது. 15 நிமிட வருகைகள் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின. நிமிடத்துக்குக் கூலி பெறும் ஊழியருக்கு, முதியவர் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும் வரை 10 நிமிடம் காத்திருப்பது நட்டம், தாமே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது இலாபம். நிறுவனத்திற்கோ, வாடிக்கையாளர் ஒருவர் உதவி வேண்டாதவராகிவிடுவது வருமான இழப்பு. பணம் எந்த அலகில் எண்ணப்படுகிறதோ அந்த அலகே பெருகுகிறது: வருகையை எண்ணினால் வருகை பெருகும், மீண்ட செயலை எண்ணினால் மட்டுமே மீட்சி பெருகும்.

சான்றுகளின் நிலை

கோட்பாடு தெளிவாக இருக்கும் அளவுக்குச் சான்று தெளிவாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2002இல் மேரி டினெட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒப்பீட்டில், மீட்பு நோக்குடைய பராமரிப்பைப் பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரும் வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும் சேவை முடிந்தபோது தம் வீட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தனர். ஆனால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட கடுமையான ஆய்வுகளை மட்டும் ஏற்கும் காக்ரேன் அமைப்பு 2016இல் இத்துறையைத் திறனாய்ந்தபோது, நார்வேயிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டே ஆய்வுகள், மொத்தம் 811 பேர், அதன் அளவுகோலில் தேறின. செயல்திறன் சிறிது கூடக்கூடும் என்றும், அதற்கான சான்றின் தரம் மிகத் தாழ்ந்தது என்றும் அது முடிவுரைத்தது.

இந்தியாவுக்கு நேரடியாகப் பாடம் சொல்வது 2017இல் லான்செட் இதழில் வெளியான அட்டெண்ட் ஆய்வு. பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் போதாத நாட்டில் குடும்பத்தாரையே பயிற்சியாளராக்கலாமே என்ற எண்ணத்தில், நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு அது நடத்தப்பட்டது. ஒரு பிரிவினரின் உறவினருக்கு மருத்துவமனையில் பயிற்சி முறை கற்றுத்தரப்பட்டு, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடரப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தவர்களாகவே எஞ்சியவர்களும் இரு பிரிவிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. சில நாள் பாடம் கேட்ட மகளோ மருமகளோ, சமையலுக்கும் கூலி வேலைக்கும் இடையே, தேர்ந்த பணியாளருக்கு மாற்றாகிவிட முடியாது என்பதே பொருள். அன்பின் வழக்கமான மொழி நம் வீடுகளில் கைத்தாங்கல்தான். பாட்டி தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு கை நீட்டாமல் நிற்பது கல்நெஞ்சம் என்று அக்கம்பக்கம் பேசும். தள்ளி நிற்பதும் ஒரு சிகிச்சை என்று குடும்பத்திற்கு எடுத்துச் சொல்லி, உடன் நின்று காட்ட, வெளியிலிருந்து ஒருவர் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் உள்ளதும் இனி வேண்டுவதும்

2021இல் தமிழக மக்கள்தொகையில் 60 வயது கடந்தோர் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் இது 18.2 ஆகும் என்றும் இந்திய அரசின் கணிப்பு கூறுகிறது. மாநிலங்களுள் கேரளத்திற்கு அடுத்த இடம் இது. 2017-18இல் நடந்த இந்திய முதுமை நெடுநோக்கு ஆய்வின்படி, நாட்டின் முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அடிப்படைச் செயல்களில் ஒன்றையேனும் செய்வதில் இடர்ப்பாடு உண்டு.

இந்தப் பின்னணியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மீள்திறன் பராமரிப்புக்கு மிக அருகில் வரும் தமிழக ஏற்பாடு. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கண்டறிவதும் மாத்திரை வழங்குவதும் அதன் முதன்மைப் பணி என்றாலும், வட்டாரந்தோறும் ஓர் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் ஒருவரும் வாகனத்தில் வீடுகளுக்குச் செல்வதும் அதன் உறுப்பு. 2022 இறுதியில் ஒரு கோடியாவது பயனாளியைத் திருச்சி மாவட்டச் சன்னாசிப்பட்டியில் எட்டிய அத்திட்டம், 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு வழங்கும் விருதையும் பெற்றது.

செய்யூர் வட்டத்தின் ஊராட்சிகளைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டுள்ள இலத்தூர், சித்தாமூர் ஒன்றியங்களுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். அதன் கொள்ளளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஓர் இயன்முறை மருத்துவர் நாளொன்றுக்கு 6 வீடுகள், வாரத்தில் 5 நாள் செல்வதாக வைத்துக்கொண்டால், 6 வாரத்தில் 180 வருகைகள் கிடைக்கும். ஒரு நோயாளிக்கு 10 வருகை வேண்டுமென்றால் அவரால் ஒரு சுற்றில் 18 பேரைத்தான் மீட்டெடுக்க முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து, உப்பங்கழியைச் சுற்றிக்கொண்டு குப்பங்களுக்குச் செல்லும் பாதைகளில் 6 வீடுகள் என்பதே தாராளமான மதிப்பீடு. மாறாக, மருத்துவர் இலக்கு வகுக்கவும் இடையில் திருத்தவும் முடிவில் அளக்கவுமாக 4 முறை மட்டும் சென்று, மற்ற நாள்களில் அதே ஊரில் வாழும் தன்னார்வலர் பயிற்சியை உடனிருந்து நடத்தினால், அதே 180 வருகைகள் 45 பேருக்கு எட்டும். மீள்திறன் பராமரிப்பை நடத்தும் நாடுகள் கைக்கொள்ளும் பணிப்பகிர்வும் இதுவே: சிகிச்சையாளர் திட்டமிடுகிறார், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் அன்றாடம் நடத்துகிறார்.

இதில் ஊராட்சியின் இடம் என்ன என்பது சுவையான கேள்வி. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் சுகாதாரமும், மாற்றுத்திறனாளிகள் நலன் உள்ளிட்ட சமூக நலமும் அடங்கும். ஆயினும் தமிழகத்தில் மருத்துவப் பணி மாநில அரசின் பொது சுகாதாரத் துறை வழியாகவே இயங்கிவருகிறது. 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். அதற்கு இரண்டு மாதம் முன் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, இம்மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. மேலிருந்து வந்த திட்டம் விரைவாகப் பரவியது, ஊராட்சியோடு பிணைக்கப்படவில்லை. கேரளம் வேறு வழியில் சென்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டிருந்த அம்மாநிலம், 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஊராட்சிகள் தம் திட்ட நிதியிலிருந்து செவிலியரை நியமித்து, வாகனம் அமர்த்தி, படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்கு அனுப்புகின்றன. அது மீட்புக்கான சேவை அன்று, வலி தணிக்கும் சேவை. எனினும் வீட்டுப் பராமரிப்பை ஓர் இந்திய ஊராட்சியால் அமர்த்தி நடத்த முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செய்யூரைச் சுற்றிய ஓர் ஊராட்சி மருத்துவரை நியமிக்காமலே செய்யக்கூடியவை பல. சென்னைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் எலும்பு முறிவுக்கோ பக்கவாதத்திற்கோ சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் யார் என்பது, கணினிப் பதிவுக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அதை ஒரு வாரத்திற்குள் வட்டார மருத்துவ அலுவலருக்குத் தெரிவிப்பது ஒன்று. கழிப்பறையில் கைப்பிடி, வாசற்படிக்குச் சாய்தளம், கைப்பம்பைச் சுற்றி வழுக்காத தளம் ஆகியவை கொத்தனார் வேலைகள், மருத்துவ வேலைகள் அல்ல. ஊன்றுகோலும் வாக்கரும் வறியவர்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா திட்டத்தில் கிடைக்கும்; விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆள்தான் தேவை. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சுகாதாரத்திற்கென உள்ளாட்சிகள் வழியே 70,051 கோடி ரூபாய் மானியத்தைப் பரிந்துரைத்தது. அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் நோயறி வசதிகளுக்கும் உரியது என்றாலும், சுகாதாரப் பணம் உள்ளாட்சியின் கணக்குவழி வரலாம் என்ற கொள்கை அதனால் ஏற்கப்பட்டது.

இம்மாவட்டத்திற்கு மறுவாழ்வுப் பணி புதியதும் அன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955இல் மத்திய அரசு ஏற்படுத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமும், 2005இல் முட்டுக்காட்டில் அமைந்த பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இங்குள்ளவை. அறிவு முட்டுக்காடு வரை வந்திருக்கிறது. செய்யூர் வட்டத்துப் பனையூரின் குப்பங்களுக்கும் கடப்பாக்கத்துக்கும் அது செல்ல வேண்டிய தொலைவு ஒரே சாலையில்தான் இருக்கிறது.

எண்ண வேண்டியது எது

வீடு தேடி வருதல் என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டிலேயே கொண்டுபோய்த் தருகிறது. நடக்கவே இயலாதவருக்கு அது இன்றியமையாத துணை. மீள்திறன் பராமரிப்பு தேடி வருவதோ, ரேஷன் கடைக்குப் போய் விரல்ரேகை வைத்துவிட்டுப் பையோடு திரும்பும் கால்களை அவருக்கு மீட்டுத் தருவதற்காக. முதலாவது யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று பிரித்தறிவதே மதிப்பீட்டின் கலை. மறதிநோய் முற்றியவரையும் மரணத்தை நெருங்கியவரையும் 'நீங்களே செய்யுங்கள்' என்று வற்புறுத்துவது கொடுமை. உதவிச் செலவைக் குறைக்கும் தந்திரமாக இச்சேவை மாறிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அதை நடத்தும் நாடுகளிலும் எழுந்ததுண்டு. எனவே இலக்கை வகுப்பவர் முதியவராகவே இருக்க வேண்டும். மீன் கூடையோடு பேருந்து நிறுத்தம் வரை போக வேண்டும் என்று ஒருவரும், செய்யூர்க் கந்தசாமி கோயிலைச் சுற்றி வர வேண்டும் என்று இன்னொருவரும், யாரையும் எழுப்பாமல் இரவில் கழிப்பறைக்குப் போய்வந்தால் போதும் என்று மற்றொருவரும் சொல்லலாம். மூன்றும் ஒரே மதிப்புடைய இலக்குகள்.

பயனாளிகளின் எண்ணிக்கை, வருகைகளின் எண்ணிக்கை, வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தமிழகம் நன்றாகவே எண்ணுகிறது. தன்னார்வலரின் பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்ந்தால் போதும்: தொடக்க நாளில் இவர் எதைத் தாமே செய்யவில்லை, ஆறாம் வார முடிவில் எதைத் தாமே செய்கிறார். அந்தக் கட்டங்களில் தரையிலிருந்து எழுதலுக்கும் ஓர் இடம் வேண்டும்.

செங்கல்பட்டுச் சீமையில் 'தாங்கல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழங்குகிறது. மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரிக்கு அதுவே பெயர். தாங்கலின் மதிப்பைக் கரையின் உயரத்தைக் கொண்டு இவ்வூர் உழவர்கள் அளந்ததில்லை. மதகைத் திறந்தபின் எத்தனை காணி விளைந்தது என்றுதான் கேட்டார்கள்.